வீதிக்குப் பொறுப்பானவர்

அந்தக் கதவில் இருந்த பெயர்ப்பலகையை ஏழெட்டு மாதங்களாக நான் தினமும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். "ஸ்டூடியவைலேதர்" என்று ஒரே சொல்லாக நீளமாக எழுதியிருக்கும். டேனிஷ்காரர் சொற்களை ரயில் பெட்டிகளைப் போலக் கோர்த்துவிடுவார்கள். ஒடென்சேயில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த அந்தக் கல்லூரியில் கதவுக்குக் கதவு இப்படி ஒரு சொல் இருந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதனால் நீளச் சொல்லைக் கண்டால் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பார்ப்பது என் பழக்கம்.

"வை" எனக்குத் தெரியும். எங்கள் தெருவின் பெயரே அதில்தான் முடிகிறது, வீதி. "லேதர்" என்று எங்கள் துப்புரவுப் பிரிவின் மேலாளரைச் சொல்வோம். "ஸ்டூடிய" என்றால் படிப்பு. ஆகவே அந்த அறைக்குள் இருப்பவர் படிக்கும் இடத்தின் வீதிகளுக்குப் பொறுப்பானவர். எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அதற்கு முன்பு இருபது வருடம் கோழி இறைச்சி ஆலையில் நின்றேன். அங்கே இயந்திரச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். டேனிஷ் மொழி என் காதுக்குள் அதிகம் போகாததற்கு அது பாதிக் காரணம். மற்றப் பாதி என் கூச்சம்.

கல்லூரிக் கட்டடத்தின் பின்புறம் ஒரு சைக்கிள் பாதை. அது சரியும் இடத்தில் தண்ணீர் போகும் வாய்க்கால் இலைகளால் அடைத்துக் கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கி, குளிர் கூடிய காலைகளில் கண்ணாடி போல உறைந்துவிடும். நான் ஒருமுறை சைக்கிளோடு விழுந்தேன். பிறகு ஒரு மாணவி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்ததையும் பார்த்தேன். வீதிக்குப் பொறுப்பானவர் என் கொரிடோரிலேயே இருக்கும்போது சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. சொல்ல வேண்டிய நான்கு வசனங்களை மூன்று வாரம் மனதுக்குள் பாடமாக்கினேன்.

ஒரு நாள் காலையில் அந்தக் கதவைத் தட்டினேன். உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய பெண், கம்பளிக் காலுறையோடு நாற்காலியில் ஒரு காலை மடித்து இருந்தார். என்னை இருக்கச் சொன்னார். நான் நின்றபடியே நான்கு வசனங்களையும் சொல்லி முடித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. எந்த இடம், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான், இதை ஏன் தன்னிடம் சொல்ல வந்தேன் என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கதவுப் பலகையைக் காட்டினேன்.

அவர் என் விரலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஏளனமில்லாத சிரிப்பு, ஆனாலும் எனக்குக் காது சுட்டது. தான் பார்ப்பது வேறு வழி என்று விளங்கப்படுத்தினார். படிப்பில் வழி தெரியாமல் நிற்கும் மாணவர்களோடு இருந்து கதைப்பதுதான் அவருடைய வேலையாம். பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்களிடம் தானே சொல்வதாகவும் சொன்னார்.

வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கூச்சத்தைவிட அறியும் ஆசை கூடிவிட்டது. அந்தக் கதவுக்கு வெளியே இருந்த இரண்டு நாற்காலிகளில் மாணவர்கள் வந்து இருப்பதையும், சிலர் கதவுவரை வந்து கைபேசியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்து திரும்பிப் போவதையும் எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன். வீதிக்காரரிடம் இவர்களுக்கு என்ன வேலை என்று யோசித்ததும் உண்டு. அவர்கள் வந்து என்ன கேட்பார்கள் என்று கேட்டேன்.

வருகிறவர்களைவிட வராதவர்களைப் பற்றித்தான் தனக்குக் கவலை என்றார். வீட்டில் முதல் ஆளாக இப்படி ஓர் இடத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள் கடைசி நேரத்தில்தான் வருவார்களாம். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது, கேட்டால் பிடிபட்டுவிடுவேன் என்று நினைப்பார்களாம். எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"ஒரு மகள். இங்கேதான் படிக்கிறாள், அடுத்த கட்டடத்தில். பொறியியல். கெட்டிக்காரி. அவளுக்கு இங்கே வரத் தேவையில்லை" என்றேன்.

அவர் தலையசைத்தார்.

மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பரீட்சை எப்படி என்று கேட்டால் "டே கிக்" என்பாள். நாங்கள் தமிழில் கேட்டாலும் அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். "டே கிக்" என்றால் சொல்லுக்குச் சொல் "அது போனது". பரவாயில்லாமல் போனது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் என் கதையைச் சொன்னேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து களைத்துப்போய் இருந்தவள். சோற்றுக் கையோடு சிரித்தாள்.

"ரோட்டு ஓவசியர் எண்டு நினைச்சே உள்ளுக்குப் போனனீங்கள்? தார் எப்ப ஊத்துறது எண்டும் கேட்டிருக்கலாமே."

"பின்ன வை எண்டால் றோட்டுத்தானே?"

மகளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்ற விதம் சரியாக இல்லை. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, நான் அந்த அறைக்கு ரெண்டு தரம் வந்தனான்," என்றாள். தமிழில் சொன்னாள். "ரெண்டு தரமும் நீங்கள் அதில மொப் அடிச்சுக்கொண்டு நிண்டீங்கள். திரும்பிப் போட்டன்."

"எதுக்குப் பிள்ளை வந்தனீ?"

ஒரு பாடத்தில் இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்று முறைதான் பரீட்சைக்குத் தோற்றலாம். மூன்றாவதிலும் தவறினால் படிப்பு முடிந்தது. வேறு எங்காவது தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த மூன்றாம் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அவள் இவ்வளவு நாளும் "அது போனது" என்று டேனிஷில் சொன்னாள். பொருள் தமிழில் இருந்திருக்கிறது. போச்சு.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் தினமும் துடைத்த அந்த நாற்காலியில் என் மகள் மட்டும் இருக்க முடியாமல் போனதற்கு நானே காரணம் என்பதுதான் உறுத்தியது. அடுத்த நாள் மேல்மாடியைச் சுத்தம் செய்யும் போலந்துக்காரப் பெண்ணிடம், செவ்வாய்க்கிழமைகளில் ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரணம் கேட்பாள் என்று ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, வகுப்பில்லாத அந்த நேரத்தில் மகள் அந்த அறைக்குப் போனாள். நான் மேல்மாடி ஜன்னல்களைத் துடைத்தபடி, கீழே என்ன கதைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை முழுவதும் தெரியாது. அவள் வீட்டில் சொன்னது இரண்டு விஷயம். கடையில் தான் செய்யும் பகுதிநேர வேலையைப் பரீட்சைவரை வாரத்தில் ஒரு நாளாகக் குறைக்க வேண்டும். மற்றது, படித்ததை வாய்விட்டு ஒருவருக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

"அந்தப் பாடத்தில ஒண்டுமே தெரியாத ஆளா இருக்க வேணுமாம்," என்றாள்.

"அதுக்கு ஏன் தேடுறாய்? வீட்டிலயே இருக்கிறார்," என்றாள் மனைவி.

அப்படித்தான் நான் பொறியியல் படிக்கத் தொடங்கினேன். வாய்மொழிப் பரீட்சை அது. இரண்டு பேருக்கு முன்னால் பலகையில் எழுதி விளங்கப்படுத்த வேண்டும். பாரத்தைத் தாங்கும் தீராந்திகள், அதாவது உத்தரங்கள், எப்படி வளைகின்றன என்பதுதான் பாடம். அவளுக்குத் தமிழில் அந்தச் சொற்கள் தெரியாது, எனக்கு டேனிஷில் தெரியாது. அதனால் பழைய மொப் தடி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்தோம்.

அவள் தடியின் நடுவே அழுத்தினாள். "இப்ப மேல்பக்கம் நெரிபடுது. கீழ்ப்பக்கம் இழுபடுது."

ஏழெட்டு மாதமாகத் தினமும் தடி பிடிக்கிறேன், எனக்கு இது தெரியாது. "அப்ப நடுவில?"

"நடுவில ஒரு கோடு இருக்கு. அது நெரிபடவும் இல்லை, இழுபடவும் இல்லை. சும்மா இருக்கும்."

எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பாரத்துக்குள் சும்மா இருக்கும் ஒரு கோடு. "அது ஏன் அப்பிடி?" என்று கேட்டேன்.

அவள் கை உடனே தாளுக்குப் போனது. அதில் தான் கீறியிருந்த நடுக்கோட்டை அழிக்கத் தொடங்கினாள். "சரி சரி, பிழை."

"நான் பிழை எண்டு சொல்லேல்லையே."

"ஏன் எண்டு கேட்டீங்கள்."

"ஓம், தெரியாமத்தான் கேட்டனான்."

அவள் அழிறப்பரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். பரீட்சையிலும் இதுதான் நடந்திருக்கிறது. முதல் தரம் பரீட்சை எடுத்த ஆசிரியை "வோஃபோ?" என்று கேட்டாராம். ஏன் என்று. இவள் உடனே சரியான விடையை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினாளாம். இரண்டாம் தரம் அந்தக் கேள்வி வரும் என்று பயந்தே வாய் திறக்கவில்லை.

மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "நீங்கள் ஏன் எண்டு கேட்டால் பிள்ளை வேற என்னெண்டு நினைக்கிறது?"

ஏன் லேட்? ஏன் சாப்பிடேல்லை? ஏன் போன் எடுக்கேல்லை? இருபத்தொரு வருடமாக எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு விடை இருந்ததில்லை. அதைக் கேட்டால் தலையைக் குனிய வேண்டும், அவ்வளவுதான். வெளியில் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கக் கூசும் நான், வீட்டுக்குள் வந்து அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படிப் பாவித்திருக்கிறேன்.

ஐந்து வாரமும் நான் அந்தச் சொல்லைத் திரும்பப் பழகினேன். ஒவ்வொரு பின்னேரமும் "ஏன்?" என்று கேட்டேன். முதலில் அவள் முகம் சுருங்கும். நான் தடியைத் தூக்கிக் காட்டி, "உண்மையா விளங்கேல்லை பிள்ளை," என்பேன். விளங்காமலிருப்பது எனக்குச் சிரமமான வேலையாக இருக்கவில்லை. மூன்றாம் வாரம் அவள் முகம் சுருங்குவதை விட்டுவிட்டாள். நான்காம் வாரம், "இருங்கோ, அது நல்ல கேள்வி," என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்தாள். அதற்கிடையில் சைக்கிள் பாதையின் வாய்க்காலையும் யாரோ வந்து துப்புரவாக்கிவிட்டிருந்தார்கள்.

பரீட்சை அன்று நான் என் கொரிடோரில் நின்றேன். இடம் மாற்றவில்லை; அவள்தான் வேண்டாம் என்றாள். பதினொன்றரை மணிக்கு வந்தாள். எல்லோரும் பார்க்க அந்தக் கதவுக்கு வெளியே இருந்த நாற்காலியில் அமர்ந்து, வீட்டுக்கு வந்தவள் போலச் சப்பாத்தைக் கழற்றினாள்.

"நுல் டோ," என்றாள்.

சைபர் இரண்டு. சித்தியடைவதற்கு அதுதான் ஆகக் குறைந்த புள்ளி. ஆனால் சித்தி.

"மூண்டு தரம் வோஃபோ கேட்டவை. ஒண்டையும் அழிக்கேல்லை அப்பா. ஒரு இடத்தில பிழை விட்டன், அதையும் அழிக்கேல்லை. ஏன் பிழை எண்டு சொன்னனான்."

நான் மொப்பை வாளிக்குள் நிறுத்தினேன். கையைப் பிடிப்பதா, தலையைத் தடவுவதா என்று தெரியவில்லை. வாயில் வந்தது வேறு.

"ஏன் முன்னால ஒரு சைபர் போடினம்? ரெண்டு எண்டே போடலாமே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சுருங்கவில்லை.

"ஆராவது முன்னால ஒண்டைப் போட்டுப் பன்ரெண்டு ஆக்கிப்போடுவினம் எண்டு. பன்ரெண்டுதான் இஞ்ச ஆகக்கூடின புள்ளி," என்றாள். "அந்த இடத்தைச் சைபர் பிடிச்சு வைச்சிருக்குது."