மல்லிகாவோடு இறால் பிடிக்கப் போன சனிக்கிழமை

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஆறரை. ஆவடியில் முதல் வண்டி பிடித்து, சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி வந்திருந்தேன். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய்.

போன மாதம் ஏரி பார்க்க வந்தபோது, பாலத்துக்குப் பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த மல்லிகாவிடம் அரைக் கிலோ இறால் வாங்கியிருந்தேன். வலையே இல்லாமல் கையால் பிடித்தது என்றாள். நான் நம்பாமல் பார்த்தேன். "வேணும்னா வந்து பாருக்கா. நான் தனியாத்தான் போறேன்" என்று நம்பர் கொடுத்தாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். எனக்கு ஐம்பத்திரண்டு. சனிக்கிழமைகளில் எனக்கும் போக்கிடம் கிடையாது.

ஏழரைக்குக் கோட்டைக்குப்பம் தாண்டி ஏரியில் இறங்கினோம். மல்லிகா தன் புருஷனின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் துள்ளுவதைப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். அவள் பத்துப் பிடிக்கும் நேரத்தில் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. பேசவும் வழியில்லை, அவள் வாயில் பறி. முன்பு நாத்தனாரோடு வருவாளாம், வழியில் சொல்லியிருந்தாள். நாத்தனார் இப்போது கம்பெனி வேலைக்குப் போகிறாள்.

ஒருமுறை அவள் கையோடு ஒரு பாம்பு வந்தது. அவசரமில்லாமல் தூர எறிந்தாள். பறியை எடுத்துவிட்டு, "தண்ணிப் பாம்பு. ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

"எல்லாமே அப்படித்தானா?"

"கடல் பாம்பும் வரும். அது விஷம், அதாண்ட வச்சுக்கக் கூடாது."

ஒன்பது மணி வாக்கில் என் வலது கைக்குள் ஏதோ வழுக்கிற்று. பெரிய இறால் என்று அழுத்திப் பிடித்தேன். சுருக்கென்றது. கையை உதறினேன். கலங்கிய தண்ணீரில் ஒரு நெளிவு மட்டும் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ரத்தம்.

"என்ன பாம்புக்கா? நீ பாத்தியா?"

"பாக்கலை. நீ?"

அவளும் பார்க்கவில்லை. பேச வாய் திறந்தபோதே பறி விழுந்திருந்தது. காலையிலிருந்து பிடித்ததெல்லாம் தண்ணீரில் கலைந்து ஓடியது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"கைய ஆட்டாத. மெதுவா நட."

கரை அரைக் கிலோமீட்டராவது இருக்கும். தூரத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. "யண்ணா! யண்ணோவ்!" என்று கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய தண்ணீரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம். நாக்கு தடிக்கிறதா, கண் சொருகுகிறதா என்று எனக்குள்ளேயே தேடிக்கொண்டு வந்தேன். செத்துப்போவேன் என்பதைவிட, யாருக்குத் தெரிவிப்பார்கள் என்ற யோசனைதான் பயமாக இருந்தது.

ஆட்டோவில் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு வந்தோம். ரத்தம் எடுத்து, உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் வைத்தார்கள். இன்ன பாம்பென்று தெரியாததால் மறுநாள் வரை வார்டில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"கூட யாரு?"

"நாந்தான்" என்றாள் மல்லிகா, ஈரப் புடவையோடு.

டாக்டர் போனதும், "வூட்ல யாருக்குனா போன் போடணுமா?" என்று கேட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பெயர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பள்ளி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரரை அழைத்தேன். பதறித்தான் போனார். "அப்போ திங்கக்கிழமை லீவு போட்டுடவா மேடம்?" என்றார்.

வைத்துவிட்டேன். மல்லிகா முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பிறகு கேட்டேன். "உனக்குக் கடிச்சதில்லையா?"

"ரெண்டு வாட்டி. ஒருத்தியா ஒக்காந்து அழுதுட்டு வூட்டுக்குப் போனேன். அவரு காசிமேட்டு போட்ல இருந்தாரு. சொல்றதுக்கு ஆளில்ல. பாம்புகூட பரவால்லக்கா, அதான் கஷ்டமா பூடுச்சு."

அன்று இரவு என் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணிப் பாம்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்தரைக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீரோடு போன இறாலுக்குப் பணம் நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டாள். "தண்ணி வத்தற நேரம், போறேன்" என்று பழவேற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். மறுபடியும் தனியாகத்தான்.

ஆவடியில் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். படியேறும்போது எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. கட்டுப் போட்ட கையோடு பூட்டைத் திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலை ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது.

"கரையேறிட்டேன்க்கா. நீ வூடு போய்ச் சேந்துட்டியா?"

அம்மா போன பிறகு என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எழுந்து விளக்கைப் போட்டேன்.

"சேந்துட்டேன் மல்லிகா" என்றேன்.