அனுப்பியவர் யாரென்று தெரியாது

நான் இருக்கும் ஜெர்மானியச் சிறு நகரத்தில், வீட்டுக்குக் கீழேயே ஒரு ரொட்டிக்கடை உண்டு. போன புதிதில் ஒரு காலை, இரண்டு ரொட்டிகளை எடுத்துக்கொண்டு வங்கி அட்டையை நீட்டினேன். கடைக்கார அம்மாள் கல்லாவின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். அட்டை தேய்க்கும் மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்து, ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போய், தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "சரியாகிவிட்டதா?" என்று விசாரித்தேன். அவர் தன் உடம்பைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, முட்டிவலி இன்னும் இருக்கிறது என்றார். மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. மெஷினே கிடையாது. அவருக்கு அது வேண்டாம். "நீ எத்தனை ரொட்டி தின்கிறாய் என்று வங்கிக்கு எதற்குத் தெரியவேண்டும்?" என்று கேட்டார். விமானம் ஏறி வளர்ந்த நாட்டுக்கு வந்து, பர்ஸில் சில்லறை வைத்துக்கொள்ளப் பழகியவள் நான்.

இதை அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க ஊரு இன்னும் அங்கியே நிக்குதாடி?" என்றாள். அவள் சிரிக்கலாம். மல்லிகா அக்காவும் மாமாவும் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு டிபன் கடை வைத்திருக்கிறார்கள். மாமா அடுப்பு, அக்கா கல்லா. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி ஆள் வந்து, கட்டம் கட்டமாக அச்சடித்த ஸ்கேன் அட்டையை ஒட்டிவிட்டு, கூடவே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பொங்கல் வடை சாப்பிட்டவர்கள் போனைக் காட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சொல்லும். கிரிவலம் வருகிறவர்கள், வாடகை அறையில் மாதக்கணக்கில் தங்கித் தியானம் செய்கிற வெள்ளைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று எல்லோருக்கும் அந்த ஒரே குரல்தான் பதில். ஈரக்கையோடு சில்லறை பொறுக்க வேண்டியதில்லை என்று அக்காவுக்கு ஏக சந்தோஷம்.

பைசா செலவில்லாமல் பணம் கைமாறட்டும் என்று ஓர் அரசாங்கம் முடிவெடுத்தால் ஒரு ஊரின் கைப்பழக்கமே மாறிவிடுகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையோடு வருகிறவர்கூட இப்போது பனியன் பையில் பணம் வைப்பதில்லை. ஜெர்மனியில் அப்படி இல்லை. இங்கிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் யாருக்கு, எதற்கு, உனக்கு இது எங்கிருந்து வந்தது என்று செயலி குடைந்தெடுக்கும். கட்டணம் பிடிக்கும். சில சமயம் மூன்று நாள் உட்கார வைக்கும். அது எனக்கு அவமானமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து சம்பாதித்த காசை என் சொந்த அக்காவுக்குக் கொடுக்க இந்தச் செயலிக்காரனுக்கு எதற்குக் காரணம் சொல்ல வேண்டும்? இப்போது யோசித்தால், அந்த எரிச்சலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

புலம்பெயர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே ஒருவருக்கு அவசரமாக யூரோ வேண்டும், அவருடைய ஆள் ஊரில் ரூபாய் வைத்திருக்கிறார். எனக்கு ஊரில் ரூபாய் போய்ச் சேர வேண்டும், கையில் யூரோ இருக்கிறது. இருவரும் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. வங்கியும் இல்லை, கட்டணமும் இல்லை, கேள்வியும் இல்லை. எங்கள் நகரத்துத் தமிழர் வாட்ஸாப் குழுவில் வாரம் ஒருவராவது இப்படிக் கேட்பார்கள். போன மார்ச்சில் பிரபு என்ற மாணவன் கேட்டான். அக்கா கடையில் மாவாட்டும் கிரைண்டர் உட்கார்ந்துவிட்டிருந்தது. பெரிய கிரைண்டர் வாங்க நாற்பதாயிரம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிரபுவின் கையில் யூரோவைக் கொடுத்துவிட்டு நான் படியேறி வீட்டுக்குப் போவதற்குள் அக்காவிடமிருந்து போன்.

"வந்துடுச்சுடி. ஆனா இன்னா பேரு இது? வடக்கத்திப் பேராட்டம் இருக்குது."

"நம்ம ஆளுதான்க்கா" என்றேன்.

யாரென்று எனக்கும் தெரியாது. பிரபுவின் நண்பனுக்குத் தெரிந்த யாரோ. கட்டணத்தில் மிச்சமான தொகையை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

மூன்று வாரம் கழித்து அக்கா மளிகைக் கடைக்குப் பணம் அனுப்பப் பார்த்திருக்கிறாள். போகவில்லை. ஏடிஎம்மிலும் வரவில்லை. வங்கிக்கு ஓடினால், கணக்கை முடக்கி நாலு நாள் ஆகிறது என்றார்களாம். வேறு ஏதோ மாநிலத்தில் ஒரு வயதான பெண்மணியைப் போனிலேயே மிரட்டி யாரோ சேமிப்பை மொத்தமாக உருவியிருக்கிறார்கள். அந்தப் பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவியதில் ஒரு துண்டு, அந்த நாற்பதாயிரம், அக்காவின் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. அந்த ஊர்ப் போலீஸ் கணக்கை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், முடக்கியது எடுப்பதைத்தான், போடுவதை அல்ல. நாலு நாளும் இட்லி தின்றவர்கள் ஸ்கேன் செய்ய, பெட்டி பாட்டுக்குப் பெறப்பட்டது, பெறப்பட்டது என்று கூவிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூட வெளியே வராத கணக்கில் அக்கா தன் உழைப்பையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பிரபு என் முன்னால் உட்கார்ந்து அழுதான். அவன் நண்பனின் போன் அணைந்துகிடந்தது. நான் இரண்டு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

வந்த இரண்டாம் நாள், பௌர்ணமிக்கு மறுநாள் காலை. மலையைச் சுற்றி முடித்தவர்கள் கால் வலியோடு வந்து உட்கார்ந்து சாப்பிடும் வேளை. அக்காவுக்கு அந்த ஒரு காலைதான் பாதி மாதச் சம்பாத்தியம். ஸ்கேன் அட்டையைத் துண்டால் மூடியிருந்தாள். சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, ஐந்து பேர், உட்காரப்போனவர்கள் துண்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"ஜிபே இல்லீங்களா?"

"இல்லீங்க, கேஷுதான்."

"கேஷ் கொண்டாரலயேம்மா."

பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். இப்படி எத்தனை பேர் என்று ஒரு கட்டத்துக்குமேல் நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மட்டும், இடுப்புப் பையிலிருந்து கசங்கிய நோட்டை எடுத்துக்கொடுத்து, ரொக்கம்தான் நல்லது என்று ஆங்கிலத்தில் அக்காவைப் பாராட்டினாள். கொள்கையால் அப்படி வைத்திருப்பதாக நினைத்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

கூட்டம் வடிந்ததும் அக்கா புதுக் கிரைண்டரில் மறுநாளைக்கு அரிசியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதன் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"அந்த அம்மா காசுலயாடி நான் மாவாட்டறேன்?" என்றாள்.

என்ன பெயர், எந்தத் தெரு என்றுகூடத் தெரியாத ஒரு பெண்மணியின் பறிபோன நிம்மதி இந்த அரிசியில் சுற்றிக்கொண்டிருந்தது. "அந்த நாப்பதாயிரத்த எடுத்து அவங்களுக்கே குடுத்துடுங்க, மீதிய உட்டுடுங்கன்னு பேங்க்ல கேட்டேன். அதுக்கெல்லாம் வழி இல்லன்னுட்டாங்க" என்றாள் அக்கா. பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேர ஆயிரம் வழி வைத்திருக்கிறார்கள். உரியவரிடம் திரும்பிப் போக ஒரு வழி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வங்கியில் ஒருவர் அக்காவுக்கு இரக்கப்பட்டு யோசனை சொல்லியிருந்தார். அந்தப் போலீசுக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினவரைத் தெரியாது என்று எழுதிக்கொடுத்தால் சாதாரண வியாபாரி என்று பார்த்து விட்டுவிடுவார்கள். வெளிநாடு, மாற்றிக்கொண்டது என்று எழுதினால் அது வேறு வழக்காகிவிடும், வருடக்கணக்கில் இழுக்கும்.

அப்படியே எழுது என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன். கடைக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. என் ஜெர்மன் விசா அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும், அந்த நேரத்தில் ஒரு போலீஸ் கடிதத்தில் என் பெயர் இருந்தால் என்ன ஆகுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்ததுதான் மீதிப் பாதி. அக்கா அதைக் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை.

கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். நான் டிபன் கடை நடத்துகிறேன். குறிப்பிட்ட தேதியில் வந்த தொகையை அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கையெழுத்துப் போடுமுன், தமிழில் ஒருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"பொய்யாச்சேடி."

"அந்த ஆள உனக்குத் தெரியாதுதானக்கா?"

"அந்த ஆளத் தெரியாது. உன்னத் தெரியுமே."

சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

வங்கியில் அன்று அந்த இரக்கக்காரர் இல்லை. புது அதிகாரி ஒருவர் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார். "அனுப்புனவங்க உங்களுக்கு எந்த வகையிலயும் தெரிஞ்சவங்க இல்லையே? நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

"இல்லீங்க சார்."

அவர் முத்திரையைக் கையில் எடுத்தார். பிறகு, ஒட்டி நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் இருவருக்கும் அம்மாவின் முகம், ஒரே மூக்கு. "இவங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "தெரிஞ்சவங்க சார். இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்க வந்தாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும், அக்காவுக்குத் தெரிந்தவளாக மட்டும், தலையசைத்தேன்.