ஒரே குவியல்

முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவதைத் தாண்டாத நான் வாராவாரம் பஸ் கூட்டம், பக்கத்து வீட்டு நாய் என்று எழுதுவதையே பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கோர்ட் விஷயம். கொஞ்சம் அதிகப்படிதான்... ஆனால் தீர்ப்பு வந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

நான் வத்தல்மலைக்காரி. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிறேன். லோடு வந்ததும் தரையில் கொட்டுவார்கள். மலைப் பெண்களும் கீழ்நாட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து, பழம், செங்காய், அடிபட்டது என்று பிரித்துப் பொதுவான கிரேட் பெட்டிகளில் போடுவோம். குவியல் ஒன்று. கூலி மட்டும் இரண்டு — மலைக்காரிகளுக்குக் குறைவு.

ஏன் என்று கேட்டோம். "மலையில இருந்து வந்தவங்களுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார் மண்டிக்காரர்.

வழக்குப் போட்டோம். கோர்ட்டில் போய், "அவங்க செய்யறது வேற வேலைங்க" என்று மாற்றிச் சொன்னார்!

எங்கள் வக்கீலம்மா, கீழ்நாட்டுப் பெண் ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது என்றார். யார் வருவார்? என் பக்கத்தில் உட்காரும் அதியமான்கோட்டை ராணியக்காவைக் கேட்டேன். கூடுதல் கூலி வாங்குபவர். வாய் திறந்தால் வேலையே போகலாம். "பாக்கலாம்டி" என்றார். அவ்வளவுதான்.

விசாரணை அன்று என்னைக் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாசலைப் பார்த்தேன்... ராணியக்கா வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார். எனக்குக் குரல் வந்துவிட்டது.

அடுத்து ராணியக்கா கூண்டில் ஏறினார். மண்டிக்காரரின் வக்கீல் அக்காவை மடக்கப் பார்த்தார். "மலைக்காரங்களுக்குத் தரம் பாக்கத் தெரியாதுதானே?"

"தெரியாதுங்களா? மொதலாளி வூட்டு ரசத்துக்குப் பழம் பொறுக்கிக் குடுக்கறதே இவதானுங்க!"

சிரிப்பு அடங்கியதும் அக்கா மெதுவாகச் சொன்னார். "ஒரே குவியல்தானுங்க ஐயா. எது யாரு கை பட்ட பழம்னு எங்களுக்கே தெரியாது."

வெளியே வந்ததும், "வேலை போயிட்டா என்னக்கா பண்ணுவ?" என்றேன்.

"உங்க மலைக்கு வந்து சாமை அறுக்கறேன். எனக்குக் கூலியக் கொறச்சிடாதீங்கடி!"

வேலை வேறு என்று சொல்ல ஆயிரம் காரணம் கிடைக்கிறது. ஒன்றுதான் என்று சொல்ல ஓர் ஆள் பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது.

போன வாரம் தீர்ப்பு. ஒரே வேலைக்கு ஒரே கூலி. இதுவரை குறைத்ததையும் கொடுக்க வேண்டும். வக்கீலம்மா படித்துக் காட்டியபோது தலை நிமிர்ந்து நின்றேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை லோடு வந்தது. கொட்டினார்கள். ராணியக்கா நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.