சுதர்சன் வைத்த பழைய பிரதி

எந்தக் கோப்பில் கை வைப்பதற்கு முன்பும் சுதர்சன் அதற்கொரு பிரதி எடுத்து, பெயரின் வாலில் ‘பழசு’ என்று ஒட்டிவிடுவார். பதினான்கு வருட ஹைதராபாத் வாசத்தில் அவருடைய கும்பகோணத் தமிழில் அந்த ஊர்ச் சொல்லும் கலந்துவிட்டது. “டெலீட் மட்டும் நக்கோ, வேணாம். எதுக்கும் இருக்கட்டும்” என்பார். குஷாய்குடா வீட்டில் ஓடாத மிக்ஸிகள் மூன்று இருக்கின்றன. மனைவி கல்பகம் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

அலுவலகத்தில் அவருக்குத் தனி மரியாதை. ஆஸ்பத்திரி ஆய்வகங்களுக்காக அவர்கள் எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு பரிசோதனைக் கருவியின் அளவையும் படித்துச் சொல்ல பிளகின் என்று ஒரு துணை நிரல் உண்டு. அவற்றைத் தேடி ஏற்றும் லோடர் சுதர்சன் எழுதியது. அது கோப்பின் பெயரைச் சட்டை செய்யாது. உள்ளே இருக்கும் அடையாளத்தைத்தான் படிக்கும். ஒரே அடையாளத்தோடு இரண்டு இருந்தால் கடைசியில் ஏறியதே நிலைக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. “மேல என்ன பேரு ஒட்டிருக்குன்னு பாக்காதீங்கம்மா. உள்ள பாருங்க.”

சென்ற திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குச் சர்க்கரை அளவு தப்பாக அச்சாகி, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே கருவி மாறியதால் அதற்குப் புதிய பிளகின் எழுதியவள் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண், சேர்ந்து ஐந்து மாதம், அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். பழி அவள் தலையில் விழுந்தது.

அன்று மாலையே சுதர்சன் ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டார். நஸ்ரினின் கோப்புக்குக் கீழே, எதற்கும் இருக்கட்டும் என்று அவரே வைத்த ‘பழசு’. லோடர் அதையும் ஏற்றி, புதியதை ஓரங்கட்டியிருந்தது. தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவருடையது பக்கத்து நாற்காலியைச் சுட்டது. லோடரை எழுதியவனே இப்படிச் செய்தால் சிரிக்க மாட்டார்களா? எதையும் அழிக்காத மனிதர் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் அழித்தார். மறுநாள் எல்லாம் சரியாக ஓடியது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று நாளாக நஸ்ரின் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் கேன்டீன் பக்கம் போனார். செய்த தவறைவிட அந்த மூன்று நாள்தான் அவரை அதிகம் கூசவைத்தது.

வியாழக்கிழமை நஸ்ரின் ஒரு தாளோடு வந்தாள்.

“சார், மன்னிப்பு லெட்டர். இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுதீங்களா? மூணு தடவ செக் பண்ணேன் சார். என்ன தப்பு பண்ணேன்னே தெரியல.”

தவறு முழுவதும் தன்னுடையதே என்று எழுதி, வழிகாட்டிய சுதர்சன் சாருக்கு நன்றியும் சொல்லியிருந்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அப்போதும் கை பழக்கதோஷத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியது.

மேலாளர் பூர்ணா வந்து கை நீட்டினாள். “லெட்டர் ரெடியா? ஹாஸ்பிடலுக்கு அனுப்பணும்.”

சுதர்சன் நஸ்ரினின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இத எழுத வேண்டியது நான்” என்று பூர்ணாவின் முன்னால் எழுந்து நின்றார்.