கட்-அவுட் போட்ட ‘டிக்’

என் கல்யாணத்துக்கு வாடகைக் கார் ஓட்டி வந்த டிரைவருக்கு முன்பற்கள் இரண்டும் தேய்ந்திருக்கும். திருப்புளியின் பிடியைப் பல்லில் கடித்து, முனையை எஞ்சினில் வைத்துக் கேட்பது அவர் பழக்கம். வெறும் காதை நம்பமாட்டார்.

சிம்மக்கல்லில் புறப்பட்டதிலிருந்தே சார்ஜ் காட்டும் முள் அசையவில்லை என்று பொருமிக்கொண்டு வந்தார். திருப்பரங்குன்றத்தில் மேளம் முன்னே போக, மாப்பிள்ளை ஊர்வலம் நடுத்தெருவுக்கு வந்தபோது, நன்றாக ஓடிய வண்டியை நிறுத்திவிட்டார். எஞ்சினை அணைக்காமலே இறங்கி மூடியைத் திறந்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்குற கட்-அவுட்டு சுவிட்ச்சு ஒட்டுதான்னு பாக்கணும். வேகம் கூடுனா உள்ள ‘டிக்’குன்னு கேக்கும். மாப்ள, நான் கையைத் தூக்கத் தூக்க ஆக்சிலேட்டரை மெதுவா அமுக்குங்க. அண்ணே, மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க.”

என் தாய்மாமன் குதித்தார். “பாதியில மேளம் நின்னா அபசகுனம்யா!”

“வண்டி நின்னா மட்டும் நல்ல சகுனமாண்ணே?”

மேளம் நின்றது. மாலையும் கழுத்துமாக நான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து மிதித்தேன். தெருவே மூச்சடக்கி நின்றது. திருப்புளியைக் கடித்தபடி, கண்ணை மூடிக் கையை உயர்த்தியவரின் முகம் சட்டென்று மலர்ந்தது.

“ஒட்டிருச்சு! கட்-அவுட்டுல ஒரு கொறையும் இல்ல. முள்ளுதான் கெட்டுப்போச்சு.”

“அப்ப வண்டி?” மாமா பல்லைக் கடித்தார், திருப்புளி இல்லாமலே.

“வண்டிக்கு என்னண்ணே? நல்லாத்தானே ஓடியாந்துச்சு.”

தாலி கட்ட எழுந்தபோது, பந்தல் ஓரத்தில் அவர் அட்சதை போடக் கையை உயர்த்துவதைப் பார்த்தேன். என் வலது கால் தானாக மணையை மெல்ல அமுக்கியது.