நாலு மூலையிலும் மஞ்சள்

சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஈஈஜி மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யும். எம்ஆர்ஐ மூளையின் உருவத்தைக் காட்டும். எஃப்எம்ஆர்ஐ, நாம் யோசிக்கும்போது எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று பார்க்கும். வருடா வருடம் இதே பாட்டுதான். ஒருத்தர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எந்தப் படமும் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பரீட்சையில் வரும் என்று எழுதிக்கொள்வார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அண்ணனை ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தி அப்போது ஒன்றரை வருடம். சாப்பிடுவார், தூங்குவார், ஏதாவது கேட்டால் சுவரைப் பார்ப்பார். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. "தலையில ஒரு கட்டியாச்சும் இருந்தா எடுத்துடலாம்ல தம்பி" என்றார் அண்ணி. வெட்கமாக இருக்கிறது, நானும் அந்தக் கட்டிக்குத்தான் ஆசைப்பட்டேன்.

கடலூரில் முதலில் ஈஈஜி. வெளியே கிளம்பும் மனுஷனை வறண்ட தலையோடு அனுப்பலாமா என்று அண்ணி எண்ணெய் வழிய வழிய வாரிவிட்டிருந்தார். தலையில் ஒயர் ஒட்டவில்லை. டெக்னீஷியனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்து குழாயடியில் நானே தேய்த்துவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டே நின்றார். பிறகு எம்ஆர்ஐ.

எல்லாம் நார்மல்.

அண்ணி அந்த ரிப்போர்ட்டுக்குக் கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் வைத்தார். கேசரி கிண்டினார். நார்மல் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கேசரியைத் தின்றுவிட்டுப் பஸ் ஏறினேன். கோழை.

ஒரு வாரம் கழித்து அண்ணி போன் செய்தார்.

"மூளையெல்லாம் நல்லாருக்குன்னு போட்டுருக்காங்க. அப்ப வேணும்னுதான தம்பி எங்கிட்ட பேசாம இருக்காரு? நான் என்னா தப்பு பண்ணேன்?"

வகுப்பெடுப்பதுபோல அரைமணி நேரம் விளக்கினேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

போன மாதமும் போயிருந்தேன். ரிப்போர்ட் சாமி படத்தடியிலேயே இருக்கிறது. அண்ணி சோற்றைப் போட்டுத் தட்டை அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போகிறார். இப்போது அவரும் பேசுவதில்லை.