மிதவையில் சிக்கிய வலை

எனக்கு நீச்சல் தெரியாது. முத்துப்பேட்டையில் இத்தனை வருடமாக நண்டு வாங்கி விற்கிறவன் இதைச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் வேலை கரையோடு சரி. படகு வந்ததும் எடை போட்டு, ஐஸ் வைத்து, பெட்டியை வேனில் ஏற்றிவிடுவேன்.

அந்தத் தை மாதக் காலையில் நான் கடலுக்குப் போகக் காரணம், எனக்கு வழக்கமாக நண்டு கொடுக்கும் மீனவர்தான். அவரோடு போகும் தம்பிக்குக் காய்ச்சல்.

"சும்மா வந்து உக்காருங்க பாய். வலைய நான் இழுத்துக்கிறேன். ஒத்தையில போக வேணாம்னு பாக்குறேன்" என்றார். மறுக்க முடியவில்லை.

கோரையாற்றில் அலையாத்திக் காடு முடிகிறவரை நன்றாகத்தான் இருந்தது. முகத்துவாரம் தாண்டியதும் பனி. படகின் முனைகூடத் தெரியவில்லை. முந்தின நாள் போட்ட வலைக்கு அடையாளமாக மிதக்கவிட்ட கொடியை எப்படியோ தேடிப்பிடித்து இழுக்க ஆரம்பித்தார். கொஞ்சம் நண்டு ஏறியது. அப்புறம் வலை வரவில்லை.

"என்னண்ணே ஆச்சு?"

"எதுலயோ மாட்டிக்கிச்சு. இங்க பாறையே கெடையாதே, அடியில சேறுதான."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பனிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒன்று எழுந்து வந்தது. லாரி அளவு இருக்கும். அது எங்களை நோக்கி வருகிறது என்றுதான் நினைத்தேன். உண்மையில் நீரோட்டம் எங்கள் படகைத்தான் அதனிடம் தள்ளிக்கொண்டிருந்தது. கடலில் காற்றாலை நடலாமா என்று பார்க்க, காற்றை அளக்கும் மிதவை வைத்திருக்கிறார்கள் என ஊரில் பேச்சு இருந்தது. இந்த இடத்தில் என்பது எங்களுக்குத் தெரியாது. இரவில் நகர்ந்த வலை அதன் நங்கூரச் சங்கிலியில் சுற்றிக்கொண்டிருந்தது.

வலை இழுத்த இழுப்பில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது.

"பாய், அந்தப் பக்கம் போங்க! அந்தப் பக்கம்!"

நான் உட்கார்ந்த இடத்திலேயே விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மனசுக்குள் கலிமா சொல்ல ஆரம்பித்து, பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அவர் கத்தியை எடுத்து வலையை அறுத்தார். படகு ஒரு துள்ளுத் துள்ளி நிமிர்ந்து, மிதவையில் மோதி விலகியது. அந்த டங் என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது அவர் ஒன்றுதான் சொன்னார். "ஒண்ணு நின்னதுக்கே இப்படி பாய்."

சில வாரம் கழித்து, காற்றாலைத் திட்டம் பற்றிக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். திரையில் நடுக்கடலில் வெள்ளைக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. விளக்கிய இன்ஜினியர் மரியாதையான பையன். கோபுரத்துக்குப் பக்கத்தில் படகு வரக்கூடாது என்றார். அடியில் கேபிள் போகும், அங்கே வலை இழுக்கக்கூடாது என்றார். தூண் அடிக்கும்போது சத்தம் இருக்கும் என்றார். கரையில் நடுவதைவிடச் செலவு பல மடங்கு என்றும் அவரே சொன்னார். அந்தச் செலவெல்லாம் கடைசியில் ஐஸ் கம்பெனியின் கரண்ட் பில்லில் ஏறி, ஐஸ் விலையாக என் தலையில்தான் விடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எழுந்தேன். "அந்தச் சத்தத்துல மீனு, நண்டெல்லாம் இருக்குமா சார்? முன்ன ஒரு புயல்ல எங்க ஊரு கரண்டு கம்பமெல்லாம் மடிஞ்சு கெடந்துச்சு. அதே மாதிரி அடிச்சா அந்த இறக்கை எங்க வந்து விழும்?"

"ஆய்வு பண்ணிட்டிருக்கோம்ங்க."

மீனவர் உட்கார்ந்தபடியே கேட்டார். "அந்தாண்ட போனா எல்லைன்னு இலங்கை நேவிக்காரன் புடிக்கிறான். இந்தாண்ட சேறு. நடுவுல உள்ளதுலயும் நட்டுட்டீங்கன்னா நாங்க எங்கதாங்க போறது?"

"உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிறோம்ங்க" என்றார் அந்தப் பையன்.

மிதவையை அப்புறம் எடுத்துவிட்டார்கள். காற்றாலை நட முடியும் என்று தெரிந்து எடுத்தார்களா, முடியாது என்று எடுத்தார்களா, யாரும் சொல்லவில்லை. கேட்டால், முடிவு மேலிடத்தில் இருக்கிறது என்கிறார்கள். அந்தத் தெரியாமைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

மறுபடி எங்கே எதை நிறுத்தி வைத்திருப்பார்களோ என்று மீனவர் அதன் பிறகு ஆழத்துக்குப் போவதில்லை. கரையை ஒட்டியே வலை போடுகிறார். வருகிற நண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எடை போடும்போது நாங்கள் இரண்டு பேரும் தராசை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.